பழங்கணினியைப் புதுக்குதல்

(புதுச்சத்திரத்தில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்கட் கூட்டத்தில் இரண்டு செய்திகள் ஒரே மாலையில் நம்முன் வந்தன. ஒன்று, சங்கப் படிப்பறையிலுள்ள ஏழு பழங்கணினிகளும் ஆமை நடை நடத்தலின் அவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் புதியன வாங்கல் வேண்டும் என்பது. மற்றொன்று, கல்வி நிதியில் இவ்வாண்டு இருப்புக் குறைந்தமையால், கட்டண உதவி வேண்டி விண்ணப்பித்த பிள்ளைகளுட் சிலர்க்கு இல்லையென்று சொல்ல நேரும் என்பது. இவ்விரண்டையும் கேட்டு இல்லம் திரும்பிய எமக்கு அன்றிரவு உறக்கம் எளிதில் வந்திலது. புதிய கணினிக்குச் செல்லும் பணமும் ஏழைப் பிள்ளையின் கட்டணத்துக்குச் செல்லும் பணமும் ஒரே பெட்டியிலிருந்தன்றோ எடுக்கப்படுகின்றன?

ஆதலின் மறுநாளே அக்கிராசனரைக் கண்டு, ஒரு திங்கள் தவணை வேண்டிப் பெற்றோம். அவ்வேழனுள் இரண்டை எம் இல்லத்துக்கு எடுத்துச் சென்று, எம்மிடம் முன்பு தமிழ் பயின்று இப்பொழுது கணினி பழுது பார்க்கும் தொழில் செய்யும் மாணாக்கர் ஒருவர் துணையோடு செப்பனிட்டுப் பார்த்தோம். கண்டதைக் கண்டவாறு உரைப்பதே இன்று எம் கடன்.

“தமிழ்ப் பண்டிதர்க்கும் கணினிக்கும் யாது தொடர்பு?” என்று சிலர் நகைக்கக்கூடும். யாம் கணினி நூல் ஓதினேமல்லேம். நன்னூலும் காரிகையும் ஓதி, அவற்றைப் பிள்ளைகட்கு ஓதுவித்து வருவோம். ஆயினும் வினாத்தாள் எழுதுதல் முதலாக மதிப்பெண் பட்டியல் ஈறாக இந்நாளில் எல்லாம் கணினியின் வாயிலாகவே நடத்தலின், அதனோடு பழகாமல் ஆசிரியத் தொழில் இயலாது. அறியாதவற்றை எம் மாணாக்கரைக் கேட்டே அறிந்தோம். கற்பித்தவனிடமே கற்றல் இழுக்கென்று யாம் கருதவில்லை.

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளை நீவிர் அனைவீரும் கண்டிருப்பீர். லாரி பழையதாயிற்று என்று எவரேனும் சேசிசையும் எஞ்சினையும் உடனே காயலான் கடைக்கு அனுப்புவரோ? அனுப்பார். எஞ்சின் நன்றாயிருக்கிறதா என்று பார்ப்பர். சேசிசில் விரிசல் உண்டா என்று தட்டிப் பார்ப்பர். நல்லதாயின், மேலேயுள்ள பழைய பாடியைக் கழற்றிப் புதிய பாடி கட்டுவர். அதன்பின் ஓட்டுநர் தம் விருப்பம்போல் கேபினை அழகு செய்துகொள்வர். கணினியிலும் சேசிஸ் உண்டு, பாடி உண்டு. கையால் தொடத்தக்க இயந்திரம் சேசிஸ். விண்டோஸ் என்றும் லினக்ஸ் என்றும் வழங்கும் இயங்குதளம் அதன்மேற் கட்டிய பாடி. நம் படிப்பறையில் மூத்துப்போனது பெரும்பாலும் பாடியேயன்றிச் சேசிஸ் அன்று. யாம் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

முதற்கண், கணினி மந்தமாதற்குக் காரணம் யாது? ஒரு புலவர் ஏடு பார்த்து எழுதும் காட்சியை எண்ணிக்கொள்மின். புலவர் பிராசசர். அவர்முன் உள்ள சாய்வு மேசை ரேம். ஏடுகள் அடுக்கிய பரண் ஹார்டு டிஸ்க். புலவர் பத்தாண்டுக்கு முன் எத்துணை விரைவாகக் கணக்கிட்டாரோ அத்துணை விரைவாகவே இன்றும் கணக்கிடுகிறார்; பிராசசர் மனிதரைப்போல் மூப்பெய்துவதில்லை. ஆனால் மேசை சிறிது. அதன்மேல் ஒரே பொழுதில் பத்து ஏடுகளை விரிக்கச் சொன்னால், ஒன்றை எடுத்துப் பரணில் வைத்துவிட்டே மற்றொன்றை இறக்கல் வேண்டும். இவ்வாறு ஏறி இறங்குவதிலேயே அவர் பொழுது கழிகின்றது. எழுத்து நடப்பதெங்ஙனம்?

பரணோ இன்னும் இடர் தருவது. பழைய மடிக்கணினிகளின் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு. ஒரு செகண்டை ஆயிரங் கூறிட்டால் ஏறத்தாழ 11 கூறு ஒரு சுற்றுக்குச் செல்லும். வேண்டும் இடம் ஊசியின்கீழ் வரும்வரை புலவர் காத்திருத்தல் வேண்டும். இது சிறு பொழுதெனத் தோன்றும். ஆனால் இயங்குதளம் எழுந்து நிற்பதற்குள் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படித்தல் வேண்டுமாதலின், சிறு பொழுதுகள் கூடி நிமிடங்களாகின்றன. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பில் சுழலும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. எல்லா ஏடும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருப்பது போன்றது அது.

மூன்றாவது காரணம் புழுதி. நம் ஊரோ சேலம் – நாமக்கல் பெருஞ்சாலையை அடுத்தது. யாம் எடுத்துச் சென்ற மேசைக் கணினியின் மூடியைக் கழற்றியபொழுது, விசிறியின் இதழ்கள் தெரியாதபடி தூசு கம்பளம்போற் படிந்திருந்தது. வெப்பம் வெளியேற வழியில்லையேல், பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மந்தம் என்பது சிலபொழுது நோயன்று, மூச்சுத் திணறலே. மென்றூரிகையால் தூசு போக்கி, பிராசசர்மீது காய்ந்துபோன பேஸ்டை வழித்துப் புதிது பூசியபின், விசிறியின் இரைச்சல் பாதியாயிற்று. இதற்குச் செலவு மிகச் சிறிது.

நிற்க. இனிச் செய்த வேலையை முறையாகக் கூறுவோம்.

எதற்கும் முன், உள்ளே இருந்த கோப்புகள் அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றிற் படியெடுத்தோம். பழைய ஓலைச்சுவடி செல்லரிக்குமுன் புதிய ஓலையிற் படியெடுத்துவைத்த முன்னோரின் பொறுமையாலன்றோ நம் இலக்கியங்கள் எஞ்சின? படியெடாமற் கணினியிற் கைவைப்பவர் பின்னர் வருந்துவது உறுதி.

மேசைக் கணினியில் 4 ஜி.பி. ரேமும் விண்டோஸ் 10-உம் இருந்தன. மின்விசையைப் போட்டதுமுதல் வேலை தொடங்கும்வரை ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆயிற்று. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதில் ஸ்டார்ட்டப் என்னும் பகுதியைத் திறந்து பார்த்தோம். கணினி எழுந்தவுடன் தாமும் எழுந்து உட்காரும் செயலிகள் பதினான்கு இருந்தன. அவற்றுள் படிப்பறைக்கு வேண்டியது ஒன்றே. அழையா விருந்தினராகிய ஏனைய பதின்மூன்றையும் நிறுத்தினோம். ஒன்றுக்கு மூன்றாக இருந்த வைரஸ் காவற் செயலிகளுள் இரண்டை நீக்கி, விண்டோசின் சொந்தக் காவலை மட்டும் விட்டோம். சாளரங்கள் மிதந்து தோன்றுவதும் நிழல் விழுவதுமாகிய ஒப்பனைகளை அணைத்தோம். நிரம்பி வழிந்த டிஸ்கில் ஐந்திலொரு பங்கேனும் வெற்றிடம் இருக்கும்படி வேண்டாதன களைந்தோம். ஐந்து நிமிடம் மூன்றாயிற்று. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இங்கே இளைஞர்கட்கு ஓர் எச்சரிக்கை. “ஒரு பொத்தானை அழுத்தினால் கணினி பறக்கும்” என்று விளம்பரஞ் செய்யும் இலவசச் செயலிகள் பல உலவுகின்றன. அவற்றை நம்பற்க. நம் கணினிகளுள் இரண்டு மந்தமானதற்கு அத்தகைய செயலிகளே காரணம். மருத்துவர் வேடம் பூண்டு நோயைக் கொணர்வார் அவர்.

பின்னர்ப் பழைய டிஸ்கைக் கழற்றி 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினோம். மூன்று நிமிடம் ஒரு நிமிடத்துக்கும் குறைந்தது. எம் மாணாக்கர் புன்முறுவல் பூத்தார். “ஐயா! வேலை முடிந்தது; கொண்டுபோகலாம்” என்றார். யாமும் அவ்வாறே எண்ணினோம்.

ஆனால் வேலை முடிந்திலது. விரைவு வந்ததேயன்றிக் காவல் வந்திலது. விண்டோஸ் 7-க்கு அதனை ஆக்கியோர் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு நின்றன. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு அவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தன. வீட்டுப் பயனர்க்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்புத் தரும் திட்டம் ஒன்றை அறிவித்தனர். அது தவணையேயன்றித் தீர்வன்று. விண்டோஸ் 11-க்கு மாறலாமெனின், அது 4 ஜி.பி. ரேமோடு டி.பி.எம். 2.0 என்னும் காவற் சில்லையும், இன்டெல்லாயின் எட்டாந் தலைமுறை முதலான பிராசசரையும் வேண்டுகின்றது. நம் ஏழனுள் ஒன்றும் அத்தகுதி உடையதன்று.

திருத்தம் இல்லாத இயங்குதளத்தில் என்ன தீங்கு என்று கேட்பீர். 2017 மே 12-ஆம் நாள் ‘வானகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்து, திறக்கப் பணம் கேட்பது அதன் இயல்பு. அதற்கான மருந்தாகிய திருத்தம் அதற்கு இரண்டு திங்கள் முன்னரே, மார்ச்சு மாதத்தில் வெளியாகியிருந்தது. அம்மருந்தை ஏற்றுக்கொள்ளாத கணினிகளே பெரும்பாலும் வீழ்ந்தன. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நிலைகுலைந்தன. நம் அண்டையில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும், கேரளத்து வயநாட்டில் ஒரு கிராமப் பஞ்சாயத்தின் கணினிகளுமே அதற்கு இரையாயின. சிற்றூர் என்று அது விட்டுவைக்கவில்லை. மருந்து இருந்தபொழுதே அந்நிலை எனின், மருந்தே வாராத இயங்குதளத்தின் நிலை யாது? நம் சங்கக் கணினியில் உறுப்பினர் பட்டியல் உண்டு. நிதிக் கணக்கு உண்டு. பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகள் உண்டு. பூட்டில்லாப் பெட்டியில் அவற்றை வைத்தல் தகுமோ?

ஆதலின் பாடியையே மாற்றத் துணிந்தோம்.

லினக்ஸ் என்பது பலர்க்கும் புதுப்பெயரன்று. பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் 1991-இல் அதன் கருவை எழுதி, யாவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளுமாறு பொதுவில் வைத்தார். அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ என்னும் முயற்சியின் கருவிகளோடு அது சேர்ந்து முழு இயங்குதளமாயிற்று. அதிலிருந்து கிளைத்தவை பல. அவற்றுள் ஒன்று 1993-இல் தோன்றிய டெபியன். டெபியனை அடியாகக் கொண்டு, சென்னையிலுள்ள சி-டாக் என்னும் நடுவணரசு நிறுவனம் 2007-இல் ‘பாஸ்’ என்னும் பாரத இயங்குதளத்தை வெளியிட்டது. அது நம் நாட்டு மொழிகளைப் பேணுதலைத் தன் நோக்கமாக உடையது.

இதில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனத்தின் வழியாக மாணவர் கைக்கு வந்த முதற் கணினிகளில் 2 ஜி.பி. ரேமும் 320 ஜி.பி. டிஸ்கும் இருந்தன. அவற்றுட் பலவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒருபுறமும் பாஸ் லினக்ஸ் மறுபுறமுமாக இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. எது வேண்டுமென்று தொடக்கத்தில் தேர்ந்துகொள்ளலாம். நம் குடும்பங்களிலும் அக்கணினிகள் பல வந்தன. திருமணத்துக்குப்பின் பரணேறியவையும் பல. அவற்றிலிருந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? பிறரைக் குறை சொல்ல எமக்கு வாயில்லை. அக்காலத்தில் வகுப்பறையில் நின்ற யாமும் அதனைத் திறந்து காட்டினேமல்லேம். எமக்கே தெரியாதிருந்தது. கேரள அரசோ தன் பள்ளிகளில் கட்டற்ற இயங்குதளத்தையே பல ஆண்டுகளாகப் பயிற்றி வருகின்றது. அங்கு ஆசிரியர்க்கு முதலில் கற்பித்தனர்; பின்பு பிள்ளைகள் தாமே கற்றனர். நாம் பொருளைக் கொடுத்தோம். பழக்கத்தைக் கொடுக்க மறந்தோம்.

யாம் எடுத்துச் சென்ற இரண்டாவது இயந்திரம் அத்தகைய மடிக்கணினியே. அதன் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற இயலாது, 2 ஜி.பி.க்கு மேற்பட்ட ரேமை அது ஏற்றுக்கொள்ளவும் செய்யாது. குடியிருப்போன் தன் வீட்டுச் சுவரில் ஆணியடிக்கவும் உரிமையில்லாத வாடகை வீடு போன்றது அது. இயங்குதளத்தை மாற்றியபின் ரேமை 4 ஜி.பி. ஆக்கினோம், அது மறுக்காமல் ஏற்றது.

மாற்றிய முறையைச் சுருங்கச் சொல்வோம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் புதிய இயங்குதளத்தை எழுதி, அதிலிருந்தே கணினியை எழுப்பலாம். அப்பொழுது உள்ளிருக்கும் டிஸ்கிற்கு ஓர் ஊறும் நேராது. வைஃபை இணைகிறதா, ஒலி எழுகிறதா, பிரின்டர் அச்சிடுகிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளலாம். பெண் பார்த்தபின் நிச்சயம் செய்வது போன்றது இது. மனநிறைவு கொண்டபின்னரே நிறுவல் வேண்டும். மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட் என்பதன் எக்ஸ்.எஃப்.சி.இ. வகையை நிறுவினோம். அது 2 ஜி.பி. ரேமிலும் நடக்கும், 4 ஜி.பி. இருப்பின் தாராளம். மடிக்கணினியில் டெபியனை அதே இலேசான திரையமைப்போடு நிறுவினோம். இரண்டும் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து நிற்கின்றன. பாதுகாப்புத் திருத்தங்களும் விலையின்றி வருகின்றன.

இனி, கணினியை நமக்கேற்ப அமைத்துக்கொள்ளுதல் என்னும் பகுதி. விரைவினும் இதுவே எம் நெஞ்சைக் கவர்ந்தது. மடிக்கணினியின் மொழியைத் தமிழாக மாற்றினோம். பட்டியல்களும் அறிவிப்புகளும் பெரும்பாலும் தமிழில் தோன்றின. சிலவிடங்களில் மொழிபெயர்ப்பு கரடுமுரடாயும் சிலவிடங்களில் ஆங்கிலமாயும் உள்ளது. எனினும் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி ‘சேமி’ என்னும் சொல்லைத் தானே படித்து அழுத்தியதைக் கண்டபொழுது யாம் எய்திய உவகை பெரிது. முதியோர்க்காக எழுத்தைப் பெரிதாக்கினோம். திரையில் நான்கே குறிகள் வைத்தோம்: எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ், படிப்பதற்கு மதுரைத் திட்ட நூல்கள், சிறுவர்க்கு ஜிகாம்பிரீஸ் என்னும் கல்வி விளையாட்டு, இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல் முதலாகப் பல நூல்களை விலையின்றித் தருவது. அவற்றைப் படிக்கப் புதுக்கணினி எற்றுக்கு?

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையை அமைத்தோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டரசு ஏற்ற அமைப்பு அது. பண்டிதராகிய எமக்கு அதன் பெருமை மிகவும் விளங்கிற்று. உயிரெழுத்துகள் இடக்கையின் கீழும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையின் கீழும் நிற்கின்றன. மெய்யை அழுத்தினால் அகரமேறி வருகின்றது. பின் உயிரை அழுத்த உயிர்மெய்யாகின்றது. ‘க’ என்னும் விசையை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழுந்து ‘க்க’ ஆகின்றது. ‘ங’வை அடுத்துக் ‘க’ வரின் ‘ங்க’ என்றும், ‘ந’வை அடுத்துத் ‘த’ வரின் ‘ந்த’ என்றும் தானே அமைகின்றது. மெல்லினம் தன் இனமாகிய வல்லினத்தோடு கூடும் என்று வகுப்பில் யாம் சொல்லிவரும் இலக்கணத்தை இவ்விசைப்பலகை விரலுக்குச் சொல்லிக்கொடுக்கின்றது.

ஒரு சிக்கலையும் மறையாது கூறல் வேண்டும். நம் சங்கத்தின் பழைய இதழ்க் கோப்புகள் பல, யூனிகோடுக்கு முற்பட்ட தனித்தனி எழுத்துருக்களில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறப்பின் பொருளற்ற குறிகளே தோன்றும். 2010-இல் தமிழ்நாட்டரசு யூனிகோடை ஏற்றபின்னும் பலர் பழைய வழக்கை விட்டிலர். அக்கோப்புகளை மாற்றி நிரலால் யூனிகோடாக்கி, ஒவ்வொன்றையும் கண்ணால் ஒப்புநோக்குதல் வேண்டும். இது பொறுமை வேண்டும் பணி. ஆயினும் செய்யாது விடின், நம் சங்க வரலாறு நம் பேரர்க்குப் படிக்கவொண்ணாத கல்வெட்டாகிவிடும்.

எதிர்வாதங்களையும் பார்ப்போம். “டேலிக் கணக்கு என்னாவது?” என்று பொருளாளர் கேட்டார். நேரிய வினா. விண்டோசுக்கென்றே எழுதிய கணக்குச் செயலிகளும், கையொப்பச் சாவி வேண்டும் சில அரசுப் பணிகளும் லினக்சில் எளிதில் நடவா. அதற்கெனத் தகுதியான புதுக்கணினி ஒன்று வாங்குதல் நேரிது. ஒன்று வேண்டுமென்பதால் ஏழும் வேண்டுமென்று ஆகாது.

“இணையத்தில் பல பக்கங்களைத் திறந்தால் மீண்டும் மந்தமாகுமே?” என்பது மற்றொரு வினா. ஆகும். இந்நாளைய இணையப் பக்கங்கள் ரேமைப் பெரிதும் விழுங்குவன. எந்த இயங்குதளமும் சிறு மேசையைப் பெருமேசையாக்காது. நாலைந்து பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும் ஒழுக்கத்தைப் பிள்ளைகட்குப் பழக்குதல் வேண்டும்.

“ஏழும் தேறுமா?” எனின், தேறா. இரண்டு கணினிகள் 32 பிட் வகையின. இயங்குதளங்கள் அவ்வகையைக் கைவிட்டு வருகின்றன; 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அதில் நிறுவுதற்கு இடந்தரவில்லை. டெபியன் 12 சிலகாலம் தாங்கும். அவற்றை இணையத்தோடு சேர்க்காமல், தட்டச்சுப் பழகவும் நூல் படிக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றின் மதர்போர்டே கெட்டுவிட்டது. அதனை விட்டுவிட வேண்டியதே. விடும்பொழுதும், கம்பியை எரித்துச் செம்பு எடுப்பார் கையிற் கொடுத்தல் ஆகாது. அப்புகை நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கே வரும். மின்கழிவுக்கென்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பதிவு பெற்றோரிடமே ஒப்படைத்தல் வேண்டும். டிஸ்கிலுள்ளவற்றை முன்னரே முற்றும் அழித்தல் வேண்டும்.

ஆகக் கணக்கு இது. ஏழனுள் நான்கு, சிறு செலவில் இன்னும் சில ஆண்டு நன்கு உழைக்கும். இரண்டு அடக்கமாக உழைக்கும். ஒன்று கழியும். எஸ்.எஸ்.டி.யும் ரேமும் வாங்கும் செலவு, ஏழு புதுக்கணினி வாங்கும் செலவில் ஒரு சிறு பங்கே. மிஞ்சும் தொகையைக் கல்வி நிதியிற் சேர்த்தால், இல்லையென்று சொல்ல நேர்ந்த பிள்ளைகட்கு உண்டென்று சொல்லலாம்.

எம் வேண்டுகோள் மூன்று. கணினிகளை எடைக்குப் போடும் தீர்மானத்தை நிறுத்திவைத்தல் முதலாவது. நம் இளைஞருள் நால்வரை, அவருள் இருவர் பெண்களாக, எம் மாணாக்கரிடம் ஒவ்வொரு ஞாயிறும் இத்தொழில் பயிலச் செய்தல் இரண்டாவது. பழுதுபார்க்கக் கற்றவர் நால்வர் ஊரில் இருப்பின், வீட்டுப் பரண்களில் உறங்கும் மடிக்கணினிகளும் விழித்தெழும்.

மூன்றாவதைச் சற்றுத் தயக்கத்தோடே சொல்கிறோம். நம் படிப்பறையை மாலை வேளைகளில் ஊரிலுள்ள எல்லாக் குலத்துப் பிள்ளைகட்கும் திறந்துவிடுதல் வேண்டும். சங்கம் நம்முடையதாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். ஆயின் ஒன்று எண்ணிப் பார்மின். யாம் இன்று நிறுவிய இயங்குதளத்தைப் பல நாட்டு மக்கள் முப்பதாண்டுக்கு மேலாகச் சிறிது சிறிதாகக் கட்டியிருக்கின்றனர். அதனைத் தமிழ்ப்படுத்தியோரும் பெரும்பாலும் ஊதியம் கருதாது உழைத்தவர். அவருள் ஒருவரேனும் இதனைப் பயன்கொள்வார் எக்குலத்தவர் என்று கேட்டிலர். கேட்டிருப்பின் நமக்கும் இது கிடைத்திராது. விலையின்றிப் பெற்றதைக் கதவடைத்து வைத்தல் பெற்றார்க்கு அழகன்று.

பழையது என்று எதனையும் உடனே எறிதல் அறிவன்று. பழையது என்று எதனையும் அவ்வாறே வைத்திருத்தலும் அறிவன்று. எது சேசிஸ், எது பாடி என்று பிரித்தறிந்து, நல்லதை நிறுத்திப் பழுதை மாற்றுதலே அறிவு. கணினிக்குச் சொன்ன இது சங்கத்துக்கும் பொருந்துமாயின், அதனைப் பெரியோர்களாகிய நீவிரே ஆய்ந்து கொள்வீராக.

செப்பனிட்ட கணினிகள் இரண்டும் அதோ அம்மேசைமேல் உள்ளன. கூட்டம் முடிந்தபின் பிள்ளைகள் முதலில் வந்து தொட்டுப் பார்க்கட்டும். பெரியோர் அவர்களுக்குப்பின் வருக.